கொம்பில் நீல வளையம்

இப்போது மாட்டின் காதில் மஞ்சள் வில்லை ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். அதில் பன்னிரண்டு எண்கள். டாக்டரம்மா செல்போனில் அந்த எண்ணைத் தட்டினால் எந்த மாட்டுக்கு எந்தத் தேதியில் என்ன ஊசி போட்டது என்று வந்து நிற்கிறது. போன வாரம் மாடு கட்டியிருக்கும் என் கட்டுத்தாரைக்கு வந்த டாக்டரம்மாவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "இதுல யாரும் ஏமாத்த முடியாதும்மா" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஏமாற்றியவள் எதிரிலேயே நின்று காபி கொடுத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். நாம் சிறுபிள்ளைகளாக இருந்தபோது வில்லையும் கிடையாது, எண்ணும் கிடையாது. எங்கள் பக்கம் ஊசி போட்ட மாட்டுக்கு வலது கொம்பில் பெயிண்டால் ஒரு வளையம் போட்டுவிடுவார்கள். அதுதான் அத்தாட்சி. அப்படி ஒரு வளையத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள். பாதியில் எழுந்து போய்விட வேண்டாம், இதை எழுத எனக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்கிறது.

எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக்கும் ஆட்டையாம்பட்டிக்கும் நடுவில் இருந்தது. மேட்டுக்காடு. சோளமும் கடலையும் ஆமணக்கும் விளையும். நான் ஐந்தாவது படித்த வருடம் அது. மார்கழியில் அந்த வருடம் பெய்த பனியை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. விடிந்து வெகுநேரம் ஆகியும் களத்தில் நின்றால் கிணறு தெரியாது. பனிக்குள்ளிருந்து மாட்டு மணிச் சத்தம் வரும், மாடு தெரியாது. எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். மணி கேட்கிறவரைக்கும் எல்லாம் சரியாக இருக்கிறது என்று ஒரு தைரியம்.

எங்களிடம் ஐந்து உருப்படிகள். ஏர் எருது இரண்டு, எருமை ஒன்று, கிடாரி ஒன்று, வெள்ளைப் பசு ஒன்று. எருதுகளில் ஒன்று கிழடாகிப்போனதால், பத்து நாளைக்கு முன்புதான் அப்பா கிழக்கே ஒரு சந்தைக்குப் போய் அதை மாற்றிச் சிவப்பும் வெள்ளையும் கலந்த செம்மறை எருது ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். வெள்ளைப் பசுவுக்கு வெள்ளச்சி என்று பெயர். ஒன்பது மாதச் சினை. வெள்ளச்சி அப்பாவை அண்டவிடாது, மூக்கணாங்கயிறு போட்டவர் அவர் என்பதை அது மறக்கவே இல்லை. நான் கொம்பைப் பிடித்தால் மட்டும் தலையைத் தாழ்த்திக் கொடுக்கும்.

அப்பா மேல் ஊரில் எல்லோருக்கும் மரியாதை. எங்கள் ஊருக்குப் பால் வண்டியை வரவழைத்தவர் அவர்தான். அதுவரை மோராகவும் நெய்யாகவும் போய்க்கொண்டிருந்த பால், வண்டி ஏறிச் சேலத்துக்குப் போகத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் நாமகிரிப்பேட்டைப் பக்கம் கோமாரி இறங்கியிருக்கிறது என்று செய்தி வந்தது. வாயும் குளம்பும் புண்ணாகி, மாடு தீனி எடுக்காமல் எச்சில் ஒழுக நிற்கும் நோய் அது. பெரிய மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும், ஆனால் பாலும் உழவும் போய்விடும். அந்தப் பாலைக் குடிக்கிற கன்று மிக அபூர்வமாகத்தான் பிழைக்கும்.

அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய் மாட்டு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் தெற்குச் சீமைக்காரர், இளவயது, அதுதான் முதல் வேலை. மீசைகூடச் சரியாக அடரவில்லை. மறுநாளே ஊருக்கு வந்து கோயில் முன்னாலிருந்த வேப்பமரத்தடியில் எல்லோரையும் உட்காரவைத்துப் பேசினார். பேசினார் என்பதைவிட, கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். எந்த மாடு சினை, எதற்குக் காம்பு அடைத்துப்போனது, எது போன வருடம் நொண்டியது என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். தூரத்தில் நின்ற பெண்களையும் கிட்டே வரச் சொன்னார். "மாட்டைப் பத்தி ஆம்பளைங்ககிட்ட கேட்டா விலை சொல்லுவாங்க. பொம்பளைங்ககிட்ட கேட்டாத்தான் சீக்கு சொல்லுவாங்க" என்றார். பெண்கள் முந்தானையில் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

எங்கள் வீட்டில் பால் கறக்க ஒரு அக்கா வருவாள். ஊரை விட்டுத் தள்ளியிருந்த குடியிருப்பான தெற்கு வளவுக்காரி. என்னைவிடப் பன்னிரண்டு பதின்மூன்று வயது மூத்தவள். அன்று அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "எங்கூட்டு மாடு தலைச்சங்கன்னு போட்டுருக்குதுங்க. கன்னு பால் குடிச்சிட்டு இருக்குது. அதுக்கும் ஊசி போடுவீங்களா?" என்று கேட்டாள். "தாய்க்குப் போட்டாப் போதும்மா, கன்னுக்கும் அது காவல்" என்றார் டாக்டர். அக்காவின் மாடு வாரத்துக்கு வளர்த்துக் கிடைத்தது. நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும்: அடுத்தவர் கிடாரியை வாங்கி வளர்த்து, அது போடுகிற முதல் கன்றை உடையவருக்குக் கொடுத்துவிட்டு, இரண்டாவதை வளர்ப்புக்குக் கூலியாக எடுத்துக்கொள்வது. அப்படி எடுத்த கன்றை அவள் பெரிதாக்கியிருந்தாள், அதுவும் இப்போது கன்று போட்டிருந்தது. அவள் வீட்டில் பால் என்று ஒன்று சட்டியில் காய்ந்ததே அந்தக் கார்த்திகையில்தான்.

ஊசிக்கு எதிர்ப்பு இல்லாமல் இல்லை. பால் வற்றும் என்றார்கள். சினை கலையும் என்றார்கள். மாரியாத்தா மாட்டு மேல் வருவதை ஊசியால் தடுத்தால் ஆத்தா மனிதர் மேல் இறங்கிவிடுவாள் என்றார் ஊர்ப் பெரியவர் ஒருவர். அப்பா எழுந்து துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு பேசினார்.

"பத்து ஊட்டு மாட்டுக்குப் போட்டுப்போட்டு ரெண்டு ஊட்டு மாட்ட உட்டுட்டா, அது ஓட்டைக் கொடத்துல தண்ணி மொண்ட கதைதானுங்க. ஒரு மாடு உட்டுப்போனாலும் ஊர் மாடு அத்தனைக்கும் ஆபத்துங்க. ஒருத்தரு பாக்கியில்லாம ஓட்டியாரோணும்."

எனக்கு அப்போது அப்பாவின் மேல் இருந்த பெருமையை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அது இருந்தது.

ஊசி போடும் நாள் டாக்டர் தாமதமாக வந்தார். பஸ் வழியில் நின்றுபோய்விட்டதாம். ஐஸும் ரம்பத்தூளும் அடைத்த மரப்பெட்டியைத் தானே தோளில் சுமந்துகொண்டு ரோட்டிலிருந்து நடந்து வந்தார். பின்னால் கம்பவுண்டர். எங்கள் அடுப்பில்தான் கண்ணாடி ஊசிகளைப் போட்டு வேகவைத்தார்கள். அம்மா சோற்று அடுப்பை அவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, வெளியில் மூன்று கல்லைக் கூட்டி உலை வைத்தாள்.

வேப்பமரத்தடியில் ஊர் மாடு அத்தனையும் வந்து நின்றது. சாணி நாற்றமும் ஸ்பிரிட் வாடையும் கலந்து மூக்கைத் துளைத்தது. இந்தப் பக்கம் டாக்டர், அந்தப் பக்கம் கம்பவுண்டர், இருவருமாகக் கழுத்தில் போட்டுக்கொண்டே போனார்கள். போட்டதும் வலது கொம்பில், நுனிக்கு இரண்டு விரல் கீழே, ஒரு நீல வளையம். குச்சியில் துணி சுற்றிய பிரஷ். எங்கள் மாடுகளை அப்பா ஓட்டி வரவில்லை. "ஊர்க்காரங்க மாடு மொதல்ல முடியட்டுமுங்க, எங்குளுது கடைசியில பாத்துக்கலாம்" என்றார். எல்லோரும் அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்கள்.

பொழுது சாயும்போது கால்வாசி மாடு மிச்சம் இருந்தது. அதுபோகத் தெற்கு வளவு முழுவதும் இருந்தது. நாளை வந்து மிச்சத்தை முடிக்கிறேன் என்று சொல்லி, மருந்துப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு டாக்டர் பஸ்ஸுக்குப் போனார். ஊசி வேகவைக்கும் பாத்திரத்தையும் பெயிண்ட் டப்பாவையும் நம்பிக்கையாக எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் அப்பா என்னை எழுப்பினார். பனி வாசல்வரை வந்திருந்தது.

"அம்மிணி, அந்த நீல டப்பாவை எடுத்துட்டு வா சாமி."

"எதுக்குங்கப்பா?"

"நம்ம அஞ்சுக்கும் கொம்புல ஒரு சுத்து சுத்தி உட்டுரு. டாக்டரு போட்டாப்பலயே இருக்கோணும். வெள்ளச்சி உனக்குத்தான் நிக்கும்."

"நமக்கு ஊசி போடவே இல்லைங்களேப்பா."

அப்பா குனிந்து என் காதோரம் பேசினார். வெற்றிலை வாசனை இன்னும் நினைவிருக்கிறது. "வெள்ளச்சிக்கு ஒம்பது மாசம். போன வருசம் மேக்கால ஊட்டு மாடு ஊசி போட்ட மூணாம் நாளு கொறையிலயே கன்னு வீசிப்போட்டுது. நான் வேண்டாமுன்னு சொன்னா ஊருல ஒருத்தரும் போட மாட்டாங்க. நாலுக்குப் போட்டு ஒண்ணை உட்டா டாக்டரு கேப்பாரு. ஊரு பூராத்துக்கும் போட்டுருவாங்கல்ல, நம்ம அஞ்சுக்கு என்ன வந்துரப் போவுது?"

அன்றைக்கு எனக்கு அது நியாயமாகவே பட்டது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தால் அதன் கோணல் தெரிகிறது. ஊசியின் பெயர் கெடக்கூடாது என்பதற்காகவே ஊசியில் பொய் சொன்னார் அவர். ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லையடி பெண்ணே என்பார்கள். அப்பாவிடம் உபதேசமும் நிஜம், பயமும் நிஜம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

நான் சந்தோஷமாகத்தான் செய்தேன். டப்பா மூடியை அரிவாள் நுனியால் நெம்பிக் கொடுத்தார் அப்பா. ஐந்து கொம்பிலும் வளையம் போட்டேன். பட்டிப்பொங்கலுக்குக் கொம்புக்கு வண்ணம் பூசிப் பழகிய கை, ஒரு சொட்டு வழியாமல் போட்டேன். வெள்ளச்சி மூச்சு விட்ட ஆவி என் கழுத்தில் பட்டுக்கொண்டே இருந்தது. உள்ளே போனதும் அம்மா என் நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தாள். என்ன ஏது என்று கேட்கவில்லை. துணியை மண்ணெண்ணெயில் நனைத்து, தோல் எரிகிற அளவுக்குத் தேய்த்துத் தேய்த்து எடுத்தாள்.

டாக்டர் வந்து ஊரில் மிச்சம் இருந்த மாடுகளுக்கு வளையம் இல்லாததாகப் பார்த்துப் பார்த்துப் போட்டார். எங்கள் கட்டுத்தாரைக்கும் வந்தார். கம்பவுண்டர் போட்டிருப்பார் என்று டாக்டர் நினைத்தார், டாக்டர் போட்டிருப்பார் என்று கம்பவுண்டர் நினைத்தார். அப்பா வாயைத் திறந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "பாத்துக்கோங்க டாக்டரே" என்று கையைக் காட்டினார், அவ்வளவுதான். டாக்டர் வெள்ளச்சியின் கொம்பைப் பார்த்துவிட்டு, "நம்ம கம்பவுண்டர் இவ்வளவு அழகாப் போடுறாரே" என்று சொல்லிவிட்டுப் போனார். 

அன்றும் தெற்கு வளவுக்கு முறை வரவில்லை. பொழுது போய்விட்டது. ஊரில் எது வந்தாலும் தெற்கு வளவுக்குக் கடைசியில்தான் போய்ச் சேரும், ஊசியும் அப்படித்தான். அக்கா இரண்டு நாளும் மாட்டையும் கன்றையும் பிடித்துக்கொண்டு வந்து நின்று திரும்பிப் போனாள். "அடுத்த செவ்வாய்க்கிழமை உங்க வளவு மட்டும்தான். மொத ஊசி உன் மாட்டுக்கு" என்று டாக்டர் அவளிடம் சொல்லிவிட்டுப் போனார். இன்னொன்றும் அப்பாவிடம் சொன்னார்: சந்தையிலிருந்து புதிதாக வந்த எருதை மூன்று வாரம் தனியாகக் கட்ட வேண்டும் என்று. அப்பா தலையை ஆட்டினார். ஆனால் எருதைப் பிரித்துக் கட்டவில்லை. தை பிறந்தால் உழவு, அதற்குள் ஜோடி பழக வேண்டுமே. இரண்டும் ஒரே தொட்டியில்தான் தண்ணீர் குடித்தன.

திங்கட்கிழமை காலையில் எனக்கு விழிப்புத் தட்டியபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. படுத்தபடியே கேட்டேன். மணிச் சத்தம் இல்லை. அதற்குப் பதிலாக வேறொரு சத்தம் கேட்டது. பல்லில்லாத கிழவர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்து எதையோ சப்புவது போல, சப்புச் சப்பென்று. எழுந்து கட்டுத்தாரைக்கு ஓடினேன். பனிக்குள் மாடுகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. செம்மறை எருதின் வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாகத் தரைவரை தொங்கியது. அது ஒரு காலை உதறும், வைக்கும், மறு காலை உதறும். முந்தின நாள் போட்ட சோளத்தட்டு அப்படியே கிடந்தது. வெள்ளச்சியும் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் வழக்கம்போலத் தலையைத் தாழ்த்தியது. எச்சில் என் பாதத்தில் சூடாக விழுந்தது.

அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றார். அம்மாவும் வந்தாள்.

"இப்பவாவது சொல்லிப்போடுங்க" என்றாள் அம்மா.

"சொல்றேன். நாளைக்கு டாக்டரு வருட்டும், நானே சொல்றேன்."

"ஊர்ப் பெரியவருகிட்ட இன்னைக்கே சொல்லோணும். தண்ணிக்குப் போற மாடெல்லாம் இந்த வழியாத்தான் போவுது."

"வருட்டுமுன்னு சொல்றனல்ல."

அன்று முழுவதும் மாடுகளை வெளியே விடவில்லை. வேப்பிலைப் புகை போட்டார்கள். வாழைப்பழத்தை நல்லெண்ணெயில் தோய்த்து ஊட்டினாள் அம்மா. ஒன்றும் விழுங்கவில்லை. அப்பா கட்டுத்தாரைப் படலை இழுத்துச் சாத்திக் கட்டினார். நோய் படலுக்குள் நிற்கும் என்பது போல.

செவ்வாய்க்கிழமை டாக்டர் பெட்டியோடு நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். படலைத் திறந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். எருதின் வாயைப் பிளந்து நாக்கைப் பார்த்தார். நாக்கின் தோல் அவர் கையோடு வந்தது. ஒவ்வொரு மாடாகப் பார்த்தார். ஒவ்வொரு கொம்பாகவும் பார்த்தார். அப்பா சொல்லப்போகிறார், இதோ சொல்லப்போகிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பா எருதின் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். 

டாக்டர் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஒரு பிள்ளையிடம் வழி கேட்கிற முகமாக இருந்தது. "பாப்பா, இந்த வளையமெல்லாம் மொத நாள் நாங்க போட்டதுதானே?"

"ஆமாங்க" என்றேன்.

யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. அப்பா என்னைப் பார்க்கக்கூட இல்லை. அதை நானாகவே சொன்னேன்.

டாக்டர் எச்சில் பட்ட கையைக் கழுவினார். பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு நடந்தார். தெற்கு வளவு மாடுகள் அங்கே வந்து காத்திருந்தன. முதல் ஆளாக அக்கா, ஒரு கையில் மாட்டுக் கயிறு, ஒரு கையில் கன்று. தலையில் எண்ணெய் வைத்துச் சீவியிருந்தாள். ஏதோ விசேஷத்துக்கு வந்தவள் போல இருந்தாள். ஊர்க்காரர்களும் சேதி தெரிந்து கூடிவிட்டார்கள்.

"பெரியவர் வீட்டுல ஊசி போட்ட மாடு அஞ்சுக்கும் சீக்கு வந்திருக்கு" என்றார் டாக்டர். அப்பாவைத்தான் அவர் பெரியவர் என்பார். "மருந்து கெட்டுப்போயிருக்கணும். அன்னைக்குப் பஸ் வழியில நின்னுபோச்சு, ஐஸ் இளகியிருக்கும். நான்தான் கவனிக்கலை. இதுவும் அதே மருந்துதான். இதை நான் யார் மாட்டுக்கும் போட மாட்டேன். மெட்ராஸுக்கு எழுதிப்போட்டுப் புது மருந்து வரவழைக்கிறேன். ஒரு மாசம் ஆகும்."

ஒரு ஆளிடம் மண்வெட்டி வாங்கி மரத்துக்குப் பின்னால் குழி பறித்தார். பெட்டியில் ஒன்பது பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, தகர மூடியைக் கத்தியால் கழற்றி, ரப்பரைப் பிடுங்கி, குழிக்குள் கவிழ்த்தார். அப்போதுதான் அக்கா கயிற்றோடு முன்னால் வந்தாள்.

"ஏனுங்க சாமி, எம்மாட்டுக்கு மட்டும் ஒரு ஊசி போட்டுருங்க. கெட்டதா இருந்தாலும் பரவால்லீங்க."

"கெட்ட மருந்தைப் போட்டுட்டு உனக்கு நான் என்னம்மா பதில் சொல்வேன்?"

"மூணு தடவ ஓட்டியாந்துட்டனுங்க."

டாக்டர் அடுத்த பாட்டிலைக் கவிழ்த்தார். நான் அப்பாவுக்கும் குழிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது, ஆனால் எல்லாம் புரிந்தது. அது நல்ல மருந்து. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் மிச்சப் பாட்டில்கள் தப்பும். அக்காவின் மாட்டுக்கு ஊசி விழும். அப்பா ஊருக்கு முன்னால் தலை குனிந்து நிற்பார். ஒவ்வொரு பாட்டிலாக எண்ணிக்கொண்டு நின்றேன். அடுத்ததற்குச் சொல்லிவிடலாம், அதற்கடுத்ததற்குச் சொல்லிவிடலாம் என்றே ஒன்பதும் முடிந்துவிட்டது. கன்று அக்காவின் முந்தானையைச் சப்பிக்கொண்டிருந்தது.

அன்று மாலைக்குள் ஊர் பேச்சை மாற்றிவிட்டது. "கெட்ட மருந்தக் குத்தித்தானுங்க சீக்கே வந்துது. நல்லா இருந்த மாட்டுல நோவ ஏத்திப்போட்டாங்க" என்றார், முன்பு மாரியாத்தாவைச் சொல்லித் தடுத்த அந்த ஊர்ப் பெரியவர். அப்பா, "மனுசன் வேணுமுன்னு பண்ணுவாருங்களா" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். டாக்டருக்காகப் பரிந்து பேசியாயிற்று என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார் என்று நினைக்கிறேன். டாக்டர் தன் தவறால் மருந்து கெட்டது என்று மேலிடத்துக்குத் தானே எழுதிப்போட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் அவரை வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் இருந்த பாத்திரத்தையும் நீல டப்பாவையும் கம்பவுண்டர்தான் வந்து எடுத்துப்போனார்.

வெள்ளச்சி நான்காம் நாள் காய்ச்சலில் கன்று வீசிவிட்டது. எந்தக் கன்றுக்காக அத்தனையும் நடந்ததோ அந்தக் கன்று உயிரில்லாமல் சோளத்தட்டின் மேல் கிடந்தது. அப்பா அதை யாரையும் தொடவிடாமல் தானே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தார். அந்த வருடம் ஊரில் பட்டிப்பொங்கல் கிடையாது. ஒரு கொம்புக்கும் வண்ணம் இல்லை. பால் வண்டி ரோட்டிலேயே ஹார்ன் அடித்துவிட்டு நிற்காமல் போனது.

ஒன்றை மட்டும் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. ஊரில் நிஜமாக ஊசி விழுந்த மாடு ஒன்றுக்குக்கூட நோய் வரவில்லை. மாரியாத்தா எங்கள் வீட்டோடு போய்விட்டாள் என்று கோயிலில் மட்டும் பொங்கல் வைத்தார்கள். அதைக் கண்டு கணக்குப் போட்டிருக்கக்கூடிய ஒரே மனிதர் அப்போது ஊரில் இல்லை.

தெற்கு வளவுக்கு நோய் தை பிறந்த பிறகு இறங்கியது. ஒரு காலையில் அக்கா எருமை கறக்க வந்தாள். செம்பைக் கழுவினாள், உட்கார்ந்தாள், எருமையின் மடி வற்றிக் கிடப்பது அப்போதுதான் நினைவு வந்தவள் போலத் திரும்ப எழுந்தாள்.

"கன்னு போயிருச்சு அம்மிணி" என்றாள் என்னிடம். "காத்தால துள்ளிக்கிட்டுத்தான் இருந்துது. பால் குடிச்சுது. குடிச்சுப்போட்டு ரெண்டு எட்டு வெச்சுது, அப்படியே உழுந்துருச்சு."

அம்மா ஒரு படி சோளத்தை முறத்தில் கொண்டுவந்து அவளுக்குக் கொடுத்தாள். அக்கா எதற்கு என்று புரியாமல் வாங்கிக்கொண்டாள். அவளுடைய மாட்டின் குளம்பு கழன்று புழு வைத்துவிட்டது. பங்குனிக்குள் அதை அடிமாடாக வண்டியில் ஏற்றிவிட்டார்கள். வைகாசியில் அவளும் புருஷனும் கரூர்ப் பக்கம் எங்கேயோ வேலைக்குப் போனார்கள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை. தேடினேன் என்று சொன்னால் பொய்.

ஊர் எட்டு வருடம் எந்த ஊசிக்கும் மாட்டைக் காட்டவில்லை. எட்டு வருடத்தில் என்னென்ன போயிற்று என்று நான் சொல்லப் புறப்பட்டால் இது முடியாது. திரும்பவும் முகாம் தொடங்கியபோது முதல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் நின்றவர் அப்பா. சாகும்வரை ஒரு முகாமும் தவறவிடவில்லை. எத்தனை அக்கறையான மனிதர் என்று அவர் சாவுக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். நானும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

இனி கடைசிப் பகுதி. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், மல்லசமுத்திரம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கறவை மாடு வைத்திருப்பவர்களுக்குக் கூட்டம் நடந்தது. நான் அப்போது எட்டு மாடு வைத்திருந்தேன். மேடையில் இளம் டாக்டர்கள் பேசினார்கள். பிறகு ஓய்வுபெற்ற பழைய டாக்டர் ஒருவரைப் பேசக் கூப்பிட்டார்கள். ஒல்லியாக, நரைத்த தலையோடு வந்து மைக்கைப் பிடித்தார். குரலைக் கேட்டதும் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"எனக்குப் பேச்சு வராது. ஒரே ஒரு கதைதான் தெரியும். எங்க போனாலும் அதையேதான் சொல்லுவேன்" என்றார். சொன்னார். பெயர் இல்லாமல், ஊர் இல்லாமல். முதல் வேலை, ஒரு மரப்பெட்டி, வழியில் நின்ற பஸ். தன் அசட்டையால் கெட்டுப்போன மருந்து. அதை நம்பி ஊரையே கூட்டிவைத்த ஒரு நல்ல விவசாயி. மூன்று தடவை வரிசையில் நின்ற ஒரு பெண். "அதுக்கப்புறம் முப்பத்தஞ்சு வருஷம் சர்வீஸ். ஐஸ் பெட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டுத்தான் படுப்பேன். தப்பு உங்க மேல இல்லாம இருக்கலாம். ஆனா முதல்ல உங்களைச் சந்தேகப்படுங்க" என்று இளம் டாக்டர்களைப் பார்த்துச் சொன்னார். கை தட்டினார்கள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு பையன் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

நான் சாப்பாட்டுக்குப் போகவில்லை. மண்டபம் காலியாகும்வரை காத்திருந்து அவர் முன்னால் போய் நின்றேன்.

"ஐயா, உங்க மருந்து கெடலைங்க" என்றேன். "எங்க மாட்டுக்கு நீங்க ஊசியே போடலைங்க. கொம்புல நீலம் அடிச்சது நானுங்க. நீங்க கேட்டப்ப ஆமாங்கன்னு சொன்னதும் நான்தானுங்க."

மிச்சத்தையும் சொன்னேன். அப்பா, வெள்ளச்சி, மண்ணெண்ணெய், எல்லாமும். ஊரில் ஊசி போட்ட மாடு ஒன்றுகூடப் படுக்கவில்லை என்பதையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்ட வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவர் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பஸ் நின்னதும் பெட்டியைத் திறந்து கையை உள்ள விட்டுப் பார்த்தேம்மா" என்றார். "ஐஸ் முழுசா இருந்துச்சு. விரல் மரத்துப்போற அளவுக்கு இருந்துச்சு. ஆனா உங்க கட்டுத்தாரையில அந்த அஞ்சு கொம்பைப் பார்த்தப்புறம், என் கைதான் தப்பாச் சொல்லியிருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்."

 சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பேச்சும் இலை போடும் சத்தமும் வந்துகொண்டிருந்தது.

"மூணு தடவை வந்தாங்களே, அந்தம்மா. அவங்க கன்னு?"

"போயிருச்சுங்க."

"நல்ல மருந்தும்மா அது" என்றார். சாப்பிடக் கூப்பிட வந்த இளம் டாக்டரைக் கையமர்த்திவிட்டு, பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.